மரபில் ஒரு பாடபேதம்

(ஆரணியில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மரபு’ என்னும் பொருளில் உரையாற்ற வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். வெண்பாவையும் விருத்தத்தையும் பற்றி நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பேசுவதற்கு என்னினும் தகுதியுடையோர் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். எனவே மரபு என்னும் சொல் இன்னொரு சொல்லோடு சேர்ந்து நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் மரபணு. அதிலும் ஒரே ஒரு மரபணு இணையை, அவை ஆக்கும் இரண்டு புரதங்களை, அவை பழுதுபடும்போது பெண்மக்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசப் போகிறேன். விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று யாரேனும் கேட்டால், பேசாமல் இருந்ததன் விலையை நம் வீடுகள் கொடுத்துவிட்டன என்பதே என் விடை.

தொல்காப்பியத்துப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். உயிரினங்களின் இளமைப் பெயர்கள், ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள் ஆகியவற்றை அவ்வியல் வகுத்துச் சொல்லும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இயல்புகள் இறங்கிவரும் முறையை ஆராயும் அறிவியலுக்கும் இன்று நாம் மரபியல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். பெயர் பொருத்தமானதுதான். இரண்டிலும் கேள்வி ஒன்றே: எது வழிவழியாக வருகிறது, எது வழியில் மாறுகிறது?

முதலில் நோயின் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அவ்வோர் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். இவர்களுள் எல்லோருக்கும் இது மரபுவழி வந்ததன்று. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கே நோய்க்கான காரணம் பெற்றோர் வழி வந்த ஒரு பழுதாக இருக்கிறது. மற்றவர்களுக்கு வாழ்நாளில், வயது ஏற ஏற, உடலின் ஏதோ ஓர் உயிரணுவில் சேர்ந்த பழுதுகளே காரணம். ஆகவே வீட்டில் ஒரு முதியவருக்கு இந்நோய் வந்தது என்பதனாலேயே அக்குடும்பத்துப் பெண்கள் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. இளம் வயதில் வந்ததா, ஒன்றுக்கு மேற்பட்ட உறவினர்க்கு வந்ததா, மார்பகத்தோடு சூலகப் புற்றும் அந்தக் குடும்பத்தில் உண்டா, ஆண்மகன் ஒருவருக்கு மார்பகப் புற்று வந்ததா என்பவைதாம் நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

குடும்பத்தில் இது தொடர்ந்து வரும் என்பதை மருத்துவ உலகம் நெடுநாளாகவே கண்டிருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் புற்றுநோயால் இறந்துவந்ததை வரிசைப்படுத்தி 1866இல் நூலில் எழுதினார். ஆனால் எது இறங்கி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு மேலும் 124 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1990இல் அமெரிக்காவின் மேரி-கிளேர் கிங் என்னும் அறிவியலாளர், இளவயதில் இந்நோய் வரும் குடும்பங்களை ஆராய்ந்து, காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. பி.ஆர்.சி.ஏ. 1 என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டே, 13ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் இரண்டாவது மரபணுவும் கண்டறியப்பட்டது.

இந்த மரபணுக்கள் என்ன செய்கின்றன? அவற்றின் வேலையை ஆரணிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளர் என்ன செய்வார்? தறியை நிறுத்துவார். அறுந்த இழையின் இரு முனைகளையும் தேடி எடுப்பார். விழுதிலும் அச்சிலும் அது இருந்த இடத்திலேயே மீண்டும் கோத்து முடிவார். அதன் பிறகே அடுத்த ஊடையைப் போடுவார். அறுந்ததைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால், பழுது அந்த இடத்தோடு நிற்காது. சேலை முழுதும் கோடாக ஓடும்.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. இழை தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படிகள் இருக்கின்றன. இந்த இழைகள் நாள்தோறும் சேதமடைகின்றன. வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு மட்டுமன்று, உயிரணு தன் வேலையைச் செய்வதே அதற்குப் போதும். சேதங்களுள் கொடியது, இரட்டை இழையும் ஒரே இடத்தில் முறிந்துபோவது. அந்த முறிவைச் செம்மையாக இணைக்க வேண்டுமானால், அருகில் இருக்கும் சேதமடையாத படியைப் பார்த்து, விட்டுப்போன எழுத்துகளை அப்படியே எழுதி நிரப்ப வேண்டும். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுக்கள் ஆக்கும் புரதங்கள் இந்தச் செம்மைப் பணியில் ஈடுபடுபவை. முதலாவது புரதம் முறிவு நேர்ந்த இடத்தில் மற்றப் புரதங்களைக் கூட்டுவதிலும், சரிபார்க்கும்வரை உயிரணு பிரியாமல் நிறுத்திவைப்பதிலும் பங்கு கொள்கிறது. இரண்டாவது புரதம், ராட் 51 என்னும் பழுதுபார்க்கும் புரதத்தை முறிந்த முனைக்கு அழைத்துச் சென்று அமர்த்துகிறது. இவ்விரண்டில் ஒன்று இல்லாமற் போனால் உயிரணு சும்மா இருப்பதில்லை. முறிந்த முனைகளை ஏதோ ஒருவாறு ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இடங்களில் எழுத்துகள் விடுபடுகின்றன. இப்படிப் பிழைமேல் பிழை சேர்ந்து, பெருக்கத்துக்கு எல்லை கட்டும் மற்ற மரபணுக்களும் கெடும்போது, அந்த உயிரணு புற்றாகிறது. புற்றைத் தடுக்கும் இத்தகைய புரதங்களைக் கட்டியடக்கிப் புரதங்கள் என்று சொல்லலாம். இதைவிட நல்ல சொல்லைக் கவிஞர்கள் ஆக்கித் தந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.

இரண்டாவது புரதத்தின் வேலையை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் நம் பக்கத்து ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, அங்கேயே பணியும் செய்து, பின்னர் இங்கிலாந்து சென்றவர் அசோக் வெங்கிடராமன். பி.ஆர்.சி.ஏ. 2 பழுதான உயிரணுக்களில் குரோமோசோம்கள் தாமாகவே முறிந்து சிதைகின்றன என்று அவரும் அவருடைய கேம்பிரிட்ஜ் குழுவினரும் 1998இல் காட்டினர். பி.ஆர்.சி.ஏ. 2 புரதத்தின் ஒரு பகுதி ராட் 51 புரதத்தைப் பற்றியிருக்கும் வடிவத்தை, அணு அணுவாக, டாம் புளண்டெல் முதலியோருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்டனர். அந்த வடிவம் வியப்பானது. ராட் 51 புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகும் இயல்புடையவை. அந்தக் கையின் வடிவத்தையே பி.ஆர்.சி.ஏ. 2 தன்னிடமும் வைத்திருக்கிறது. தன் இனத்துக் கை என்று எண்ணி ராட் 51 அதைப் பற்றிக்கொள்கிறது. ஆரணியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூரில் நோயாளிகளைப் பார்த்த ஒருவர், புற்றின் வேர்க்காரணம் ஒன்றை இவ்வளவு நுட்பமாக விளக்கினார் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

இங்கே ஒரு பெயர்ப்பிழையைச் சுட்ட வேண்டும். பி.ஆர்.சி.ஏ. என்பது மார்பகம், புற்றுநோய் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முன்னெழுத்துகளால் ஆன பெயர். நோயாளிகளின் குடும்பங்களில் தேடிக் கண்டதனால் நோயின் பெயரே மரபணுவின் பெயராகிவிட்டது. அதன் விளைவாக, ‘அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் மரபணு இருக்கிறதாம்’ என்று மக்கள் பேசுகிறார்கள். உண்மை நேர்மாறானது. இந்த மரபணு இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அது இருப்பதனால்தான் நாம் நலமாக இருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது, இருக்க வேண்டிய இரண்டு படிகளுள் ஒன்று பழுதாக வந்து சேர்ந்ததே. காவற்காரனைத் திருடனின் பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லின் பொறுப்பை அறிந்த இந்த அவை இந்த வேறுபாட்டை உணரும். ‘அவளிடம் கெட்டது ஒன்று இருக்கிறது’ என்பதும், ‘அவளுக்கு வரவேண்டிய நல்லது ஒன்று குறைந்து வந்தது’ என்பதும் ஒரு பெண்ணின் வாழ்வில் ஒரே வாக்கியம் அல்ல.

ஒரு படி பழுதானால் மற்றொரு படி வேலை செய்யாதா என்று கேட்பீர்கள். செய்கிறது. அதனால்தான் இப்பழுதோடு பிறக்கும் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறது. ஆனால் உடலின் கோடிக்கணக்கான உயிரணுக்களுள் எங்கேனும் ஒன்றில் அந்த இரண்டாவது படியும் தற்செயலாகக் கெட்டுப்போனால், அங்கே காவல் முற்றிலும் போய்விடுகிறது. மற்றவர்க்கு ஒரே உயிரணுவில் இரண்டு விபத்துகள் நேர வேண்டும். இவர்களுக்கு ஒன்றே போதும். ஆகவேதான் நோய் இளவயதில் வருகிறது. குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைக் கண்புற்றை ஆராய்ந்து, இந்த ‘இரண்டு அடி’ விளக்கத்தை 1971இல் ஆல்பிரட் நட்சன் முன்வைத்தார். மரபணு எதுவும் கைக்குக் கிட்டாத காலத்தில், நோயாளிகளின் வயதையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டே அவர் இதைக் கண்டார்.

பழுது என்றால் எத்தகையது? டி.என்.ஏ.வின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்கள் தொடுத்துவந்தால் புரதம். மும்மூன்று எழுத்துச் சொற்களால் ஆன ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்: ‘அம்மா பட்டு நெய்து தந்த பணம்.’ இதில் பகரத்தையும் அதை அடுத்த டகர மெய்யையும் மட்டும் நீக்கிவிட்டு, மும்மூன்றாகப் படிக்கும் விதியை மாற்றாமல் படியுங்கள்: ‘அம்மா டுநெய் துதந் தபண ம்.’ நீங்கியவை இரண்டு எழுத்துகளே. அம்மாவுக்குப் பிறகு எல்லாம் போயிற்று. பி.ஆர்.சி.ஏ. 1 மரபணுவில், 185 என்னும் எண்ணிட்ட இடத்தில், அடினின், குவானின் என்னும் இரண்டு எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு பிழை உண்டு. 1,863 அமினோ அமிலங்கள் கொண்டதாக வளர வேண்டிய புரதம், அதனால் 22 வரை சரியாகத் தொடுக்கப்பட்டு, பிறகு பொருளற்ற சில தொடுக்கப்பட்டு, 39ஆம் இடத்தில் நின்றுவிடுகிறது.

இந்தப் பிழை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பரவிய அஷ்கெனாசி யூதர்களிடையே பலருக்கு இருப்பதாக முதலில் அறியப்பட்டது. அவர்களிடம் அது ஒரு மூதாதையிடமிருந்து இறங்கிவந்தது. அதே பிழை தென்னிந்தியரிடமும் காணப்பட்டபோது ஆய்வாளர்கள் திகைத்தார்கள். நம் பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த ஒரு சிக்கல் இது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா, அல்லது எழுதினோர் இருவரும் தனித்தனியே ஒரே இடத்தில் தவறினார்களா என்று பார்க்க வேண்டும். சுற்றியுள்ள பாடங்களும் ஒத்திருந்தால் மூலம் ஒன்று. சுற்றியுள்ளவை வேறுபட்டால் பிழை தனித்தனியே பிறந்தது. மரபியலாரும் அதையே செய்தார்கள். ஓர் இந்தியக் குடும்பத்தில் அந்தப் பிழையைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அடையாளங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அங்கே அது யூதர்களிடமிருந்து வந்ததன்று, தனியே தோன்றியது என்பது அதன் முடிவு.

2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குமாரவேல் சோமசுந்தரம் உள்ளிட்ட குழுவினர், குடும்பத்தில் இந்நோய் உடைய தென்னிந்திய நோயாளிகள் 61 பேரை ஆராய்ந்து எழுதினர். 17 பேரிடம் இவ்விரு மரபணுக்களில் ஒன்றில் பழுது இருந்தது. அவர்களுள் 10 பேருக்கு இருந்தது நான் சொன்ன அந்த ஈரெழுத்து நீக்கமே. இந்த எண்களில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, மேலைநாட்டு நோய் என்று நாம் இதைத் தள்ளிவைக்க முடியாது. மற்றொன்று, குடும்ப வரலாறு உடைய அந்த 61 பேரிலும் பெரும்பாலோரிடம் இப்பழுது காணப்படவில்லை. ஆகவே சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கவலையே வேண்டாம் என்று பொருளன்று. பிற மரபணுக்களும் உண்டு. இன்னும் சிலரிடம் காணப்படும் மாற்றம் தீங்கானதா, தீங்கற்றதா என்று யாராலும் சொல்ல இயலாததாக இருக்கும். பொருள் தெளியாத பாடபேதம் அது. அதை வைத்து அவசரமாக எந்த முடிவும் எடுக்கலாகாது என்பது மருத்துவர்களின் நெறி.

பழுதுடைய பெண்களுக்கு அபாயம் எவ்வளவு? ஏறத்தாழ 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ. 1 பழுதுடையோர்க்கு 72 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ. 2 பழுதுடையோர்க்கு 69 விழுக்காடு. சூலகப் புற்றுக்கு முறையே 44, 17 விழுக்காடு என்று அது கணித்தது. ஆராயப்பட்டவை பெரும்பாலும் மேலை நாட்டுக் குடும்பங்கள். ஆதலால் இந்த எண்களை அப்படியே நம் பெண்கள்மேல் ஏற்றிவிடக் கூடாது. என்றாலும் அபாயம் பெரிது என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், வந்தே தீரும் விதி என்றும் இதைச் சொல்ல முடியாது. பழுதோடு பிறந்து நோயின்றி முதுமை எய்தும் பெண்களும் இருக்கிறார்கள்.

அறிந்தால் செய்யக்கூடியவை பல. இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் காந்த அதிர்வுப் படமும் மார்பகப் படமும் எடுத்து, கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். மகப்பேறு முடிந்தபின் சூலகங்களை அகற்றிக்கொள்வது உயிர் காக்கும் வழியாக அறிவுறுத்தப்படுகிறது. நோய் வரும் முன்பே மார்பகங்களை அகற்றிக்கொள்வோரும் உண்டு. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் தாம் அவ்வாறு செய்துகொண்டதை வெளிப்படையாக எழுதினார். நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்தப் பழுதையே ஆயுதமாக்கும் மருந்து இருக்கிறது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் வழிகளுள் ஒன்று புற்றணுவில் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. இன்னொரு வழியையும் மருந்தால் அடைத்தால் அந்த அணு மடியும், ஒரு நல்ல படியேனும் உடைய மற்ற அணுக்கள் தாங்கிக்கொள்ளும். 2005இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட இக்கருத்து, ஒலாபரிப் என்னும் மாத்திரையாகச் சூலகப் புற்றுக்கு 2014இலும் மார்பகப் புற்றுக்கு 2018இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண், அந்தத் துயரத்தைத் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முப்பதாண்டு காலம் அதைச் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அதையே வாழ்வாகக் கொண்டார். மரபுவழிப் புற்று உடைய குடும்பங்களை ஆராயும் பணியும் அந்நிறுவனத்தில் நடந்திருக்கிறது. நம் அருகே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, 1969இல் அதே நோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தலைவருக்கு வந்த நோயைப் பெயர் சொல்லிப் பேச நாடு தயங்கவில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு வந்தால் மட்டும் அது ‘அந்த நோய்’ ஆகிவிடுகிறது.

அன்புடையீர், இனி நான் சொல்ல விரும்புவதுதான் இவ்வுரையின் நோக்கம். நம்மிடையே ஒரு தாய்க்கு இளவயதில் இந்நோய் வந்தால், முதலில் அதை மறைக்கிறோம். மகளுக்கு வரன் அமையாது என்னும் அச்சமே காரணம். அந்த அச்சத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை; அது பொய்யான அச்சமும் அன்று. ஆனால் மறைத்ததன் விளைவு என்ன? மகளுக்கே காரணம் தெரியாமற் போகிறது. தாய்க்கு 38 வயதில் வந்தது என்பதை அறியாத மகள், தன் 35ஆம் வயதில் கையில் தட்டுப்படும் கட்டியைப் பால்கட்டி என்று நினைத்துக்கொள்கிறாள். மணமாகக் காத்த இரகசியம் உயிரைக் காக்கவில்லை.

இரண்டாவது, பழியைப் பெண்வழிமேல் ஏற்றுகிறோம். ‘அவர்கள் தாய்வீட்டு நோய்’ என்கிறோம். இந்த மரபணுக்கள் 17ஆம், 13ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன; அவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பழுது தந்தைவழியிலும் அதே அளவுக்கு வரும். மகனுக்கும் மகளுக்கும் செல்லும் வாய்ப்பு சரிபாதி. பெண்மக்கள் குறைந்த ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஆண்கள் வழியாக ஓசையின்றி வந்து, பேத்தியிடம் அது வெளிப்படலாம். ஆண்களுக்கும், குறிப்பாக பி.ஆர்.சி.ஏ. 2 பழுதுடையோர்க்கு, மார்பகப் புற்றும் ஆண்மைச்சுரப்பிப் புற்றும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அத்தையின் நோயும் அப்பாவைப் பெற்ற பாட்டியின் நோயும் தாயின் நோயைப் போலவே கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவது, மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பதால் இது வருகிறது என்ற எண்ணம். அப்படியன்று. ஒரு பழுதான படியே அபாயத்துக்குப் போதுமாகையால், மணந்தவர் உறவா அயலா என்பது இங்கே காரணமாகாது. பழுதுடைய இருவர் மணந்து, பிள்ளைக்கு பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுவின் இரண்டு படிகளும் பழுதாகவே சேர்ந்தால் ஃபான்கோனி இரத்தசோகை என்னும் கொடிய நோய் வரலாம். அது மிக அரிது. பழுது தெரிந்த குடும்பத்தில் உறவுக்குள் மணம் பேசுவோர் அதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். நோயுற்றவருக்கு முதலில் சோதனை செய்து பழுதைக் கண்ட பிறகே உறவினருக்குச் சோதிப்பது முறை. வயது வராத பிள்ளைகளுக்குச் செய்வதில்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசகரிடம் பேச வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. மணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்டால், என்னிடம் ஆயத்த விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: சொல்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண். அவள் முடிவு செய்ய வேண்டுமானால், முதலில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மரபியல் ஆலோசகர் முதலில் எடுப்பது ஊசியன்று, காகிதம். மூன்று தலைமுறைக் கொடிவழியை எழுதச் சொல்வார். யார் யார், யாருக்கு எந்த உறுப்பில், எந்த வயதில், எவ்வாறு இறந்தார் என்று கேட்பார். அங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பாட்டனும் முப்பாட்டனும் எத்தனை தறி வைத்திருந்தார்கள் என்பது நினைவிருக்கும். பாட்டியின் தங்கை பெயர் யாருக்கும் தெரியாது. தேவிகாபுரத்துக்குக் கட்டிக்கொடுத்த அத்தை இளம் பிள்ளைகளை விட்டு இறந்தாள் என்பது நினைவிருக்கும். எதனால் என்பது ‘ஏதோ கட்டி’ என்று முடிந்துவிடும். மணமாகி வேற்றூர் போன பெண் குடும்ப நினைவிலிருந்தும் போய்விடுகிறாள். மரபணுவோ யாரையும் விட்டுவிடுவதில்லை. மறந்துபோன அத்தையின் எழுத்தும் அதில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இலக்கிய வட்டத்துக்கு வேலை இருப்பதாகக் கருதுகிறேன். பத்தாண்டுகளாகக் கவிதை படிக்கவும் கேட்கவும் மக்களைக் கூட்டிய நீங்கள், கேட்கும் கலையை அறிந்தவர்கள். உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் உட்கார்ந்து, அவர்களோடு பிறந்த பெண்கள், அவர்களைப் பெற்றவள், அவளோடு பிறந்தவர்கள் ஆகியோர் பெயர்களையும், நோயையும் வயதையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நோயின் பெயரை நோயின் பெயராகவே எழுதுங்கள். இடக்கரடக்கல் நம் மொழிக்கு அழகு. ஆனால் இந்த ஓர் ஏட்டில் அது வேண்டாம். புரோக்கா 1866இல் செய்ததும் இதுதான். அவர் மனைவியின் வீட்டுப் பெண்களின் பெயரும் வயதும் எழுதப்படாமல் போயிருந்தால், அவர்களுடைய சாவுகள் தனித்தனி வீடுகளின் தனித்தனித் துக்கங்களாகவே போயிருக்கும்.

எழுதிய அந்த ஏட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அச்சப்பட ஒன்றும் இராது. சில குடும்பங்களுக்கு இருக்கும். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு வேலூருக்கோ காஞ்சிக்கோ அடையாற்றுக்கோ செல்லட்டும். அந்த ஒரு தாளால் ஒரு மகள் தன் தாயைவிட முப்பதாண்டு கூடுதலாக வாழ்வாளானால், இந்த வட்டம் பத்தாண்டு நடந்ததற்கு அதுவும் ஒரு பயனாக எண்ணப்படும்.